பெய்யாத மாசி மேகங்கள்

வடகிழக்குப் பருவமழை விலகிய பிறகு, தை கடைசியிலும் மாசியிலும் மறைமலைநகரில் வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. மழை வராது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மேகம் பிறப்பதைக் கண்ணாலேயே பார்க்க இதைவிட நல்ல பருவம் கிடையாது. ஐப்பசியில் வானம் முழுக்க ஒரே சாம்பல் கூரை. எது எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. மாசியிலோ ஒவ்வொரு மேகமும் தனியாகத் தோன்றித் தனியாகக் கரைகிறது. ஒரு வாரம் தொடர்ந்து கவனித்தால் போதும்.

விடியற்காலையில் செங்கல்பட்டுக்கு மின்சார ரயிலில் போகிறவர்கள், பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரிமேல் மூடுபனி படுத்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். தரையில் இறங்கிய மேகம்தான் அது. தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துகொண்டே போய், நீராவி ஆவியாகவே நீடிக்க முடியாத வெப்பநிலையை எட்டுகிறது. அதற்குப் பெயர் பனிநிலை.

குளிர்ச்சி மட்டும் போதாது. நீர் ஒட்டிக்கொள்ள ஒரு துகளும் வேண்டும். 1880-இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஐட்கன் இதைக் காட்டிய விதம் அழகானது. ஒரு கண்ணாடிக் கலத்தில் சாதாரணக் காற்று, இன்னொன்றில் பஞ்சால் வடிகட்டிய காற்று. இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். முதல் கலம் புகைமூட்டமாக வெளுத்தது. இரண்டாவது தெளிவாகவே இருந்தது. தூசியே இல்லாத காற்றில் துளி பிறக்க, ஈரப்பதம் 100 சதவீதத்தைப் பல மடங்கு தாண்டியாக வேண்டும். நம் பகுதியில் துகளுக்குப் பஞ்சமில்லை. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை அலை உடைந்து தெறிக்கும் நீர்த்திவலைகள் காய்ந்து, நுண்ணிய உப்பாகக் காற்றில் ஏறுகின்றன. உப்பு ஈரத்தை இழுப்பதால், ஈரப்பதம் 100-ஐத் தொடும் முன்பே நீரைச் சேர்க்கத் தொடங்கிவிடும். ஜி.எஸ்.டி. ரோட்டுப் புகையும் சேர்ந்துகொள்கிறது. துகள் கூடக்கூட, அதே நீர் இன்னும் சிறிய, இன்னும் ஏராளமான துளிகளாகப் பிரிந்து பார்வையை மறைக்கும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானதற்குப் பனியோடு புகை கலந்ததே காரணம்.

வெயில் ஏறியதும் மூடுபனி கலைகிறது. முற்பகலில் சூடான சாலைகளிலிருந்தும் தொழிற்சாலைக் கூரைகளிலிருந்தும் காற்று மேலெழும்புகிறது. உயரப்போகும் காற்று விரிவடைவதால் 1 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி குளிர்கிறது. அது பனிநிலையை எட்டும் உயரத்தை நாமே கணக்கிடலாம். வெப்பநிலை 29 டிகிரி, பனிநிலை 21 டிகிரி என்றால் வித்தியாசம் 8. அதை 125-ஆல் பெருக்கினால் 1,000 மீட்டர். மேகத்தின் அடிப்பாகம் அந்த உயரத்தில்தான் இருக்கும். வானத்தில் சிதறிய பஞ்சு மேகங்களுக்கெல்லாம் அடிப்பாகம் ஒரே மட்டத்தில் தட்டையாக இருப்பது இதனால்தான்.

நீள அகல உயரம் மூன்றும் 500 மீட்டராக உள்ள ஒரு சிறு மேகத்தை எடுத்துக்கொள்வோம். கனமீட்டருக்குக் கால் கிராம் நீர் என்று வைத்தாலே மொத்தம் 31 டன். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் இரண்டரை லாரிக்கு மேல். இவ்வளவு எடை ஏன் விழவில்லை? துளி ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அது இறங்கும் வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே; மேலே வரும் காற்று அதைவிட வேகமானது. எனக்கு இன்னும் வியப்பூட்டுவது ஆற்றல் கணக்கு. நீராவி நீராகும்போது, ஆவியாக்கச் செலவான வெப்பம் திரும்ப வெளிவருகிறது. இந்த 31 டன்னுக்கு அது 20,000 யூனிட் மின்சாரத்துக்கும் அதிகம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் செலவாகும் வீடுகளோடு ஒப்பிட்டால், 200 வீடுகளுக்கு ஆகும் ஆற்றல் அது.

அந்த வெப்பம் மேகத்தை இன்னும் உயரத் தள்ள வேண்டும். இடிமேகங்கள் அப்படித்தான் வளர்கின்றன. மாசியில் அது நடக்காததற்குக் காரணம், மேலே காற்று மெல்லக் கீழிறங்கிக்கொண்டிருப்பது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. இப்படி ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெதுவெதுப்பான ஓர் அடுக்கு உருவாகிவிடுகிறது. ஏறிவரும் மேகம் அங்கே முட்டி, பக்கவாட்டில் பரவி, வறண்ட காற்றில் கரைகிறது. பிற்பகலில் சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கடற்காற்று வரும்போது அதன் முனையில் மட்டும் மேகங்கள் வரிசை கட்டும். பின்னால் வரும் குளிர்ந்த காற்றில் வானம் வெளுத்துவிடும்.

வாரத்தில் ஓரிரு நாளாவது மிக உயரத்தில் கீற்று மேகங்கள் தென்படலாம். 10 கிலோமீட்டருக்கும் மேலே, பனிக்கட்டிப் படிகங்களால் ஆனவை. இவற்றையும் கீழே உள்ள பஞ்சு மேகங்களையும் ஒரு மின்கம்பத்தின் உச்சியை அடையாளமாக வைத்துச் சேர்த்துப் பாருங்கள். கீழ் மேகங்கள் கடலிலிருந்து மேற்கே நகரும். மேல் மேகங்கள் கிழக்கே போகும். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே மேற்கிலிருந்து பாயும் அதிவேகக் காற்றோட்டத்தின் தெற்கு ஓரம் நம் தலைக்கு மேல்வரை நீள்வதுதான் காரணம்.