உயர்திணைக் கம்பெனி

மக்களை மட்டுமே உயர்திணை என்றார் தொல்காப்பியர். நன்னூலார் தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொண்டார். நவீன சட்டம் அந்தப் பந்தியில் கம்பெனியையும் உட்கார வைத்திருக்கிறது. தமிழ் படித்த எனக்கு இது வெறும் திணை வழுவாகப் படவில்லை. இது அதிகாரத்தின் இலக்கணம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் 'சாமி நிலம்' என்று சாதாரணமாகச் சொல்வோம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கோயில் தெய்வம் ஒரு சட்ட நபர் என்று பிரிவி கவுன்சில் 1925-இல் ஏற்றது. சாமி சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்கும் போடலாம். கம்பெனி விஷயமும் இப்படித்தான். பங்குதாரர் வேறு, கம்பெனி வேறு என்று 1896-இல் சாலமன் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கம்பெனி கடன்பட்டால் பங்குதாரர் வீட்டை ஜப்தி செய்ய முடியாது. இந்த வசதிக்காகக் கட்டமைக்கப்பட்ட கற்பனைதான் இந்த 'நபர்'. ஆனால் சாமிக்கும் ஓட்டு இல்லை, கம்பெனிக்கும் ஓட்டு இல்லை. கம்பெனி குடிமகன் அல்ல என்று 1963-இல் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஓட்டு இல்லாட்டி என்ன, நோட்டு இருக்கே! 1957-இல் டாடா இரும்புக் கம்பெனி கட்சி நன்கொடைக்காகத் தன் விதிகளைத் திருத்த அனுமதி கேட்டது. அனுமதித்த நீதிபதி சக்ளாவே இதன் ஆபத்தையும் எச்சரித்தார். 1969-இல் கம்பெனி நன்கொடைக்குத் தடை வந்தது. 1985-இல் வரம்போடு மறுபடி அனுமதி. மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதம் என்றிருந்த அந்த வரம்பையும் 2017 நிதிச் சட்டம் தூக்கி எறிந்தது. நட்டத்தில் ஓடும் கம்பெனியும் அள்ளிக் கொடுக்கலாம். எந்தக் கட்சிக்கு என்று கணக்கில் காட்ட வேண்டாம். 2018-இல் தேர்தல் பத்திரம் வந்தது.

அமெரிக்காவில் 2010-இல் கம்பெனியின் தேர்தல் செலவைப் பேச்சுரிமை என்றார்கள். இங்கே கம்பெனிக்குக் கிடைத்தது மௌன உரிமை. பிளவக்கல் அணைத் தண்ணியை நம்பி நெல் போடும் வத்திராயிருப்புச் சம்சாரி, பேரைச் சொல்லி, அட்டையைக் காட்டி, விரலில் மை வாங்கித்தான் ஓட்டுப் போட முடியும். கம்பெனிக்கோ பெயரே வேண்டியதில்லை. பத்திரம் விற்ற ஸ்டேட் வங்கிக்கு எல்லாம் தெரியும். அது அரசாங்க வங்கி. இருட்டில் இருந்தவர் வாக்காளர் மட்டுமே.

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் இதை ரத்துசெய்தார்கள். கம்பெனி கொடுப்பது பிரதிபலன் எதிர்பார்க்கும் வியாபாரம், அதைத் தனிமனிதர் நன்கொடையோடு ஒன்றாக வைக்க முடியாது என்றது தீர்ப்பு. பிறகு வெளிவந்த கணக்கில் மொத்தம் சுமார் 16,500 கோடி ரூபாய். 2019 ஏப்ரல் முதல் பாஜக பெற்றது மட்டும் சுமார் 6,060 கோடி. அதிகம் கொடுத்தது கோயம்புத்தூர் லாட்டரிக் கம்பெனியான ஃப்யூச்சர் கேமிங்: 1,368 கோடி. 2003-இல் லாட்டரியைத் தடைசெய்த மாநிலம் நம்முடையது. அந்தக் கம்பெனியிடமிருந்து 509 கோடி பெற்றதாகத் தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்தது திமுக. எதிரெதிர் மேடைகளுக்கு ஒரே பந்தல்காரர்! பத்திரமே வேண்டாம் என்று வழக்காடிய மார்க்சிஸ்ட் கட்சியையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பத்திரம் போனது, பணம் போகவில்லை. அறக்கட்டளைகள் வழியாக அது வந்துகொண்டுதான் இருக்கிறது. வேட்பாளர் செலவுக்கு வரம்பு உண்டு; கட்சியின் செலவுக்குக் கிடையாது.

ஆகவே, கம்பெனி நபரா இல்லையா என்று மல்லுக்கட்டுவதில் பயனில்லை. எதற்கு நபர் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. கடனுக்கும் வழக்குக்கும் அது நபராக இருந்துவிட்டுப் போகட்டும். தேர்தலில் அது அஃறிணை. சட்டம் வகுத்த திணையைச் சட்டத்தால் மாற்றவும் முடியும்.