தொலைபேசியில் எழும் 'கரகர' ஒலி

பாலக்காட்டுக் கணவாயில், வாளையாற்றை அடுத்த கஞ்சிக்கோட்டில், 1976-ஆம் ஆண்டு இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையின் கிளை ஒன்று நிறுவப்பட்டது. மின்னணு முறைத் தொலைபேசி நிலையங்களுக்கான கருவிகளைச் செய்வது அதன் நோக்கம். அதுவரை நம் நாட்டுத் தானியங்கி நிலையங்களில் தொடர்பை இணைத்தவை இயந்திர ஸ்விட்சுகளே. அவற்றின் குறைகளுள் ஒன்று, அவை எழுப்பிய மின் இரைச்சல்.

இரைச்சல் எங்ஙனம் பிறக்கிறது? ரிலேச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரெனத் துண்டித்தால், அதன் காந்தப்புலம் சுருங்கி, அவ்வோட்டத்தைத் தொடரச் செய்ய முயலும் மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கும். நிலையத்து மின்கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 50 வோல்ட்டே. ஆயினும் அக்கணத்தில் சுருளின் முனைகளில் பல நூறு வோல்ட் எழக்கூடும். தொடுமுனைகளிடையே பொறி பறக்கும். அருகிலுள்ள கம்பிகளிலும் அதன் சாயல் தோன்றும். முனைகள் மூடும்பொழுதும் அமைதியில்லை. அவை பந்துபோல் துள்ளி, பலமுறை தொட்டுப் பிரிந்த பின்னரே நிலைகொள்ளும்.

ஸ்ட்ரௌஜர் 1891-இல் காப்புரிமை பெற்ற முறையில், துடைப்பான் போன்ற கரம் மேலெழுந்து, பின் சுழன்று, நூறு முனைகளுள் ஒன்றைத் தேடிப் பற்றும். ஒரு கரம் நகர்ந்த அதிர்ச்சியால் பக்கத்துத் தொடுமுனைகள் நடுங்க, யாரோ இருவரின் உரையாடலில் 'கரகர' ஒலி புகும்.

செவி இதனைப் பொறுத்துக்கொள்ளும். ஒரு சொல் கெட்டால் மீண்டும் கேட்கலாம் அன்றோ? கணிப்பொறிச் செய்திக்கு அவ்வசதி எளிதன்று. வினாடிக்கு 1,200 குறிகள் செல்லும் கம்பியில், வினாடியின் நூறில் ஒரு பங்கு நேரம் நீடிக்கும் இரைச்சல் 12 குறிகளைக் கெடுக்கக்கூடும். வங்கிக் கணக்கில் ஓர் இலக்கம் மாறினால் விளைவு யாதாகும்? பிழை கண்டு திருத்தும் முறைகள் இதனாலேயே இன்றியமையாதனவாயின.

மின்னணு நிலையத்தில் குரல் வினாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு எண்ணாகிறது. அதனை இணைக்க அசையும் கரம் வேண்டுவதில்லை. எனினும் மணியடிக்கும் மின்னோட்டத்தை அனுப்ப ரிலேக்கள் அங்கும் பயன்பட்டன. நேர்மின்னோட்டத்தில் இயங்கும் சுருளுக்குக் குறுக்கே டையோடு ஒன்றை வைத்தால், எஞ்சிய ஆற்றல் சுருளிலேயே சுழன்று அடங்கும். ஆனால் ரிலே விடுபடச் சிறிது தாமதமாகும். விரைவு வேண்டுமிடத்தில், தொடுமுனைக்குக் குறுக்கே மின்தேக்கியையும் மின்தடையையும் தொடராக இணைப்பர். மின்தடையை விட்டுவிடுதல் தவறு: முனைகள் மூடுகையில் மின்தேக்கியின் மின்னேற்றம் முழுவதும் ஒரே கணத்தில் பாய்ந்து, அவற்றைப் பற்றவைத்துவிடும்.