செலாயாங் வட்டாரத்தில் ஸ்னூக்கர், பூல் மையங்களின் தேய்வு: ஒரு விளக்கம்

முன்னுரை

பத்துமலைக்கும் கெப்போங்கிற்கும் இடையே, கோலாலம்பூரிலிருந்து ரவாங் நோக்கிச் செல்லும் பழைய சாலையின் இருமருங்கிலும் வளர்ந்த நகரம் செலாயாங் ஆகும். சிலாங்கூர் மாநிலத்தின் கோம்பாக் மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் அன்றாட வாழ்வில் அது கோலாலம்பூரின் ஒரு பகுதியாகவே இயங்கி வருகின்றது. 1990களில் இந்நகரின் கடைவீட்டு வரிசைகளில் நடந்து சென்றவர் சற்று அண்ணாந்து நோக்கினால், முதல் மாடியிலோ இரண்டாம் மாடியிலோ ‘ஸ்னூக்கர்’ என்னும் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பார். இன்று அத்தகைய பலகைகள் அரிதாகிவிட்டன. அம்மாடிகளில் உடற்பயிற்சிக் கூடங்களும் துணைப்பாட வகுப்புகளும் கிடங்குகளும் இடம்பெற்றுள்ளன.

இம்மாற்றத்திற்கு ‘இளைஞர்களின் சுவை மாறிவிட்டது’ என்னும் விளக்கம் பொதுவாகக் கூறப்படுகின்றது. அவ்விளக்கம் பிழையன்று, எனினும் முழுமையானதுமன்று. ஓர் ஆட்டம் எத்தகைய இடத்தில் ஆடப்படுகின்றது, அவ்விடத்தைச் சட்டமும் சமூகமும் எப்பெயரிட்டு அழைக்கின்றன என்பவையும் அவ்வாட்டத்தின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன. இக்கருத்தின் அடிப்படையில் மேற்கண்ட தேய்வின் காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்றத்திலிருந்து மாடிக்கு

ஸ்னூக்கர் இங்கிலாந்தின் ஆட்டம் என்றே பலரும் கருதுகின்றனர். ஆயினும் அது பிறந்த மண் இந்தியாவாகும். 1875ஆம் ஆண்டு ஜபல்பூர் படைமுகாமில், நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து இதனை உருவாக்கினார். அவரே 1938இல் இச்செய்தியை எழுத்து வடிவில் உறுதிப்படுத்தினார். 1880களின் தொடக்கத்தில் உதகமண்டலத்தில் இருந்த ஆங்கிலேயர் மன்றத்தில் இதன் விதிகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. ஆகவே, ஸ்னூக்கரின் விதிகள் உருப்பெற்ற இடம் தமிழகத்தின் மலைநகரம் ஒன்று என்பது தமிழர்கள் பலரும் அறியாத செய்தியாகும்.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் மலாயாவிற்குப் பெருமளவில் கொண்டுவரப்பட்டனர். ஆட்டமும் தொழிலாளரும் ஒரே பேரரசின் வழியே வந்த போதிலும் இருவரும் சந்திக்க நெடுங்காலம் ஆயிற்று. 1884இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் மன்றத்தின் தொடக்ககால உறுப்பினர்களுள் கே. தம்புசாமிப் பிள்ளை போன்ற செல்வாக்குமிக்க ஆசியர் சிலரும் இருந்தனர். பத்துமலையில் முருகன் வழிபாட்டிற்கு வித்திட்டவர் அவரே. ஆயினும் தோட்டப்புறங்களில் துரைமார்களின் மன்றத்தில் இருந்த பில்லியர்ட்ஸ் மேசையைத் துடைப்பதும் பந்துகளை அடுக்கி வைப்பதும் தவிர, தொழிலாளிக்கு அம்மேசையோடு உறவு இருந்ததில்லை.

இந்நிலையை மாற்றியவை தொலைக்காட்சியும் நகரமயமாதலும் ஆகும். பச்சைத் துணியின்மீது பல வண்ணப் பந்துகள் உருளும் இவ்வாட்டம் வண்ணத் தொலைக்காட்சிக்கெனவே படைக்கப்பட்டது போன்றது. 1969இல் பிரிட்டனின் பிபிசி நிறுவனம் இதனை முறையாக ஒளிபரப்பத் தொடங்கியதன் காரணமும் அதுவே. 1985ஆம் ஆண்டு உலக வெற்றியாளர் இறுதியாட்டத்தை அந்நாட்டில் 1 கோடியே 85 இலட்சம் பேர் நள்ளிரவு கடந்தும் கண்டனர். மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு 1978இன் இறுதியில் தொடங்கியது. 1980களில் பிரிட்டனின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இங்கு வந்து ஆடினர். இதே காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாற்றப்பட்டும் வந்தமையால் தமிழ் இளைஞர்கள் செலாயாங், ரவாங், கிள்ளான் போன்ற நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டத்தில் அவர்களுக்குத் திடலும் கோயில் முற்றமும் இருந்தன. அடுக்குமாடி வீடுகளில் அவை இல்லை. அந்நிலையில், கடைவீட்டு மாடியில் ஒரு மணி நேரத்திற்குச் சில ரிங்கிட் கட்டணத்தில் கிடைத்த குளிரூட்டப்பட்ட கூடம் அவர்களை ஈர்த்ததில் வியப்பில்லை.

இடமும் வருவாயும்

ஸ்னூக்கர் மையங்களின் தேய்வை விளங்கிக்கொள்ள முதலில் ஓர் எளிய கணக்கை நோக்குதல் வேண்டும். முழு அளவு ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்டது. கற்பலகைகளின்மீது கம்பளித் துணி விரித்து அமைக்கப்படும் அம்மேசையின் எடை ஒரு டன்னுக்கும் மேலாகும். ஆட்டக்காரர் நான்கு புறமும் நின்று கோலை நீட்டி ஆடுவதற்கு ஏறத்தாழ 22 அடிக்கு 16 அடி இடம் தேவை. செலாயாங்கில் காணப்படுவது போன்ற, 22 அடி அகலமும் 70 அடி நீளமும் உடைய கடைவீட்டு மாடியின் பரப்பு 1,540 சதுர அடியாகும். படிக்கட்டு, கழிப்பறை, கட்டண முகப்பு ஆகியன போக அதில் நான்கு மேசைகளுக்கு மேல் இடுவது கடினம். நான்கு மேசைகளில் ஒரே நேரத்தில் ஆடக்கூடியோர் பெரும்பாலும் எண்மரே. காத்திருப்போரிடம் கட்டணம் பெற இயலாது. பகற்பொழுதில் மேசைகள் வெறுமையாகவே கிடக்கும்.

இதே பரப்பில் நாற்பது கணினிகளை வைத்து இணைய மையம் நடத்தலாம். திங்கள்தோறும் சந்தா செலுத்தும் பல நூறு உறுப்பினர்களைக் கொண்ட உடற்பயிற்சிக் கூடமும் நடத்தலாம். வாடகை குறைவாக இருந்த காலத்தில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை. செலாயாங்கில் 1997இல் நகராண்மைக் கழகமும் 1999இல் பெரிய அரசு மருத்துவமனையும் அமைந்தன. நகரம் வளர வளர இடத்தின் மதிப்பும் உயர்ந்தது. நம் நாட்டின் ஈரப்பதம் மிகுந்த தட்பவெப்பத்தில் மேசைத்துணி ஈரங்கோர்த்துப் பந்தின் ஓட்டம் தளரும். அதனைத் தடுக்கக் குளிரூட்டி தொடர்ந்து இயங்க வேண்டும். துணியையும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஆகவே ஆள் இல்லாத வேளையிலும் செலவு குறைவதில்லை.

பூல் ஆட்டம் பரவியதற்கும் இக்கணக்கே முதன்மைக் காரணம் எனலாம். பூல் மேசை 9 அடிக்கு 4½ அடியே ஆகும். அதனினும் சிறியவையும் உண்டு. ஸ்னூக்கர் மேசை ஒன்றின் இடத்தில் ஏறத்தாழ ஒன்றரை பூல் மேசைகளை இடலாம். ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். புதியவரும் விரைவில் கற்றுக்கொள்ளலாம். எனவே மைய உரிமையாளர்கள் பலர் ஸ்னூக்கர் மேசைகளைக் குறைத்துப் பூல் மேசைகளை நிறைத்தனர். இது சில காலம் கைகொடுத்தது. ஆயினும் எளிதில் கற்கத்தக்க ஆட்டம் எளிதில் கைவிடத்தக்கதாகவும் அமைந்தது. ஆண்டுக்கணக்கில் பயின்று தேர்ச்சி பெற வேண்டிய ஸ்னூக்கர், தன் ஆட்டக்காரரை நாள்தோறும் மையத்திற்கு வரவழைத்தது. பூல் ஆட்டத்திற்கு வந்தவர்களோ நண்பர்களோடு எப்போதேனும் வந்து சென்றவர்களாவர்.

உரிமமும் பெயரும்

இரண்டாவது காரணம் சட்டம் சார்ந்தது. சிலாங்கூரில் ஸ்னூக்கர் மையங்கள் 1995ஆம் ஆண்டு கேளிக்கை மற்றும் கேளிக்கை இடங்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற வேண்டியவை. கோலாலம்பூரில் அதனையொத்த 1992ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதாவது, சட்டத்தின் பார்வையில் இம்மையம் பூப்பந்துக் கூடத்தின் உறவன்று; கரவோகே, நடன விடுதி ஆகியவற்றின் உறவாகும்.

இவ்வகைப்பாடு தோன்றிய சூழலையும் கருத வேண்டும். 1990களின் நடுப்பகுதியில், ‘லெப்பாக்’ எனப்பட்ட, இளைஞர்கள் வீணே பொழுதுபோக்கும் பழக்கம் நாட்டின் பெரும் கவலையாகப் பேசப்பட்டது. 1994இல் தொடங்கப்பட்ட ‘ராக்கான் மூடா’ இளைஞர் திட்டம் அக்கவலையின் விளைவே. ஸ்னூக்கர் மையங்களில் சூதாட்டமும் சண்டைச் சச்சரவுகளும் நிகழ்ந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனவே கட்டுப்பாடு தேவைப்பட்டது உண்மையே.

ஆயினும் அதன் விளைவு ஆழமானது. பள்ளிச் சீருடையினருக்கு அனுமதியில்லை என்னும் அறிவிப்பு மையங்களின் வாயிலில் தொங்கியது. இக்கட்டுரையாளரும் இடைநிலைப்பள்ளி நாட்களில் சீருடைச் சட்டையைப் புத்தகப்பைக்குள் மறைத்துக்கொண்டு அத்தகைய படிகளில் ஏறியவரே. அங்குக் கண்டது பெரும்பாலும் அமைதியாகும். ஒருவர் குனிந்து குறிபார்க்கையில் கூடத்தில் உள்ளோர் பேச்சை நிறுத்துவர். தோற்றவர் மேசைக் கட்டணத்தைச் செலுத்திவிட்டுக் கைகுலுக்குவார். இருப்பினும் அங்குச் சென்றதை வீட்டில் கூற இயலவில்லை. ரோனி ஓ’சல்லிவன் ஒரே முறையில் நூறு புள்ளிகளை முதன்முதலாகக் கடந்தபோது அவருக்கு அகவை பத்து. இளமையிலேயே பயில வேண்டிய ஒரு விளையாட்டை மறைந்து சென்று ஆடவேண்டியதாக்கினால், அதற்கு அடுத்த தலைமுறை உருவாவது அரிது.

இங்கு ஒரு முரண்பாடும் புலப்படுகின்றது. 2017இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசியப் போட்டியில் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் பிரிவுகளில் பதக்கங்கள் வழங்கப்பட்டன. சாம் சோங், தோர் சுவான் லியோங் போன்ற மலேசியர்கள் பன்னாட்டு அரங்கில் ஆடியுள்ளனர். பதக்க மேடையில் விளையாட்டாகப் போற்றப்படுவது, அதனைப் பயிலும் கூடத்தில் கேளிக்கையாகக் கருதப்படுகின்றது. பெரிய மன்றங்களின் உறுப்பினர்கள் அதே ஆட்டத்தை ஆடுங்கால் இவ்வையம் எழுவதில்லை. மேசை ஒன்றே, ஏறிச்செல்லும் படி மட்டுமே வேறு.

மாற்றுப் பொழுதுபோக்குகளும் பெருந்தொற்றும்

2000களில் இணைய மையங்களும் ஃபுட்சால் கூடங்களும் அகன்ற திரை கொண்ட மாமாக் உணவகங்களும் இளைஞர்களின் மாலைப்பொழுதைப் பங்கிட்டுக் கொண்டன. அதன்பின் திறன்பேசி வந்தது. 2010இல் இணையத்தில் வெளியாகிப் பின்னர் கைப்பேசிக்கும் வந்த ‘எயிட் பால் பூல்’ என்னும் விளையாட்டு உலகெங்கும் பரவியது. பூல் ஆட்டத்தின் விதிகளை அறிந்த, ஆனால் கோலைக் கையில் பிடித்தறியாத ஒரு தலைமுறை இதனால் உருவாகியுள்ளது. பணிச்சூழலும் மாறியது. முறைமாற்று வேலையிலும் வாகனச் சேவை, உணவு விநியோகம் ஆகியவற்றிலும் ஈடுபட்டுள்ள இளைஞர்களுக்குப் பொதுவான ஓய்வுநேரம் வாய்ப்பது குறைந்துவிட்டது.

2020 மார்ச் 18இல் நடப்புக்கு வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, ஏற்கெனவே நலிந்திருந்த இத்தொழிலை மேலும் தாக்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் செலாயாங் பாருவின் சில பகுதிகள் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாட்டின்கீழ் முள்வேலியிட்டு அடைக்கப்பட்டன. வாடகை தொடர, வருவாய் நின்றுபோன நிலையில், மூடிய கதவை மீண்டும் திறக்க எல்லா உரிமையாளர்களாலும் இயலவில்லை.

இழப்பு எது?

இத்தேய்வு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இக்கட்டுரையாளர் முனைவர் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில் அங்கும் ஸ்னூக்கர் கூடங்கள் மூடப்பட்டு வந்தன. 2007இல் நடப்புக்கு வந்த புகைத்தடைச் சட்டமும் நில மதிப்பின் உயர்வும் அதற்குக் காரணங்களாகச் சுட்டப்பட்டன. அதேவேளையில் ஆட்டம் அழிந்துவிடவில்லை. 2025இல் சீனாவின் சாவ் ஷின்தோங் உலக வெற்றியாளர் பட்டத்தை வென்ற முதல் ஆசியரானார். அதே ஆண்டில் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். விளையாட்டாக ஏற்று, இளம் அகவையிலேயே பயிற்சியளிக்கும் இடங்களில் ஸ்னூக்கர் தழைக்கின்றது என்பதையே இவை காட்டுகின்றன.

அவ்வாறாயின் செலாயாங் இழந்தது யாது? பல இனத்து உழைக்கும் இளைஞர்கள், பெரிய செலவின்றி, ஒரே கூரையின்கீழ் முகம் பார்த்துப் பழகிய பொதுவிடத்தையே அது இழந்துள்ளது. சீனர் நடத்திய மையத்தில் தமிழரும் மலாய்க்காரரும் ஒரே மேசையைச் சுற்றி நின்றனர். விதிகளுக்கு அடங்குதல், முறைக்காகக் காத்திருத்தல், தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்ளுதல் ஆகியன அங்குக் கற்பிக்கப்படாமலே கற்கப்பட்டன. அக்கூடங்கள் குறையற்றவை அல்ல. பெண்களுக்கு அங்கு ஏறத்தாழ இடமே இருந்ததில்லை. எனினும், மூடப்பட்ட மையத்தோடு அங்குச் சென்றுகொண்டிருந்த இளைஞனின் தேவையும் மறைந்துவிடும் எனக் கருதுதல் பொருந்தாது.

முடிவுரை

ஸ்னூக்கர், பூல் மையங்களின் தேய்வுக்கு இடத்தின் விலை, உரிம வகைப்பாடு, சமூகத்தின் ஐயப்பார்வை, மாற்றுப் பொழுதுபோக்குகள், பெருந்தொற்று ஆகிய ஐந்தும் காரணங்களாக அமைந்தன. இவற்றுள் இடத்தின் விலையையும் காலத்தின் மாற்றத்தையும் நாம் தடுக்க இயலாது. வகைப்பாட்டையும் பார்வையையும் மாற்ற இயலும். நகராண்மைக் கழகங்களின் பல்நோக்கு மண்டபங்களில் பூப்பந்திற்கும் மேசைப்பந்திற்கும் இடமுண்டு. அங்கு இரண்டு ஸ்னூக்கர் மேசைகளை இட்டு, பயிற்றுநரின் மேற்பார்வையில் மாணவரும் மாணவியரும் பயில வழிசெய்தால், இவ்விளையாட்டு மறைவிடத்தை விட்டு வெளியே வரும். தமிழ் இளைஞர் அமைப்புகளும் இதனைக் கருத்திற்கொள்ளலாம். நம் பிள்ளைகள் எங்கே செல்லக்கூடாது என்பதை நாம் நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளோம். அவர்கள் எங்கே செல்லலாம் என்பதையும் கூறவேண்டிய கடமை நமக்கு உண்டு.