பிறந்த மண்ணில் இடமில்லாத மரம்

நீலகிரிக்குச் சென்று வந்தவர்கள் யாவரும் யூகலிப்டஸ் மரத்தை அறிவார்கள். அது நம் நாட்டு மரமன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்து நட்டது. அது பரவிய இடங்களில் நம் மலைகளின் பூர்வீகப் புல்வெளிகள் சுருங்கிப் போயின. ஆகவே அதன் பெயரைக் கேட்டதும் நம்மவர் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. ஆயினும் அம்மரக் குலத்தில் 700-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றுள் சில, தாம் பிறந்த மண்ணிலேயே நிற்க இடமின்றித் தவிக்கின்றன. அத்தகைய ஓர் இனத்தின் சரித்திரத்தை நேயர்கள் அறிய வேண்டுமென விரும்புகிறோம்.

ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகருக்கு மேற்கேயும் நீல மலைகள் என்றே பெயர்கொண்ட ஒரு மலைத்தொடர் உளது. அதன் அடிவாரப் பள்ளத்தாக்குகளிலும், நெபியன் ஆற்றின் கரையோர வண்டல் நிலங்களிலும் மட்டுமே இயற்கையாக வளர்வது காம்டன் வெள்ளை யூகலிப்டஸ். வழவழப்பான வெள்ளைப் பட்டையுடன் 40 மீட்டர் வரை ஓங்கி வளரும் இம்மரத்துக்கு, 1915-ஆம் வருஷத்தில் மெய்டன், கேம்பேஜ் என்ற இரு தாவர சாஸ்திரிகள் 'யூகலிப்டஸ் பெந்தாமி' என்று பெயரிட்டனர். ஆஸ்திரேலியத் தாவரங்களைப் பற்றி ஏழு பாகங்களில் பெருநூல் எழுதிய ஜார்ஜ் பெந்தாம் என்ற ஆங்கிலேயரின் நினைவாக வைத்த பெயர் அது. அப்பெரியவரோ அந்நாட்டு மண்ணை ஒருநாளும் மிதித்தவரல்லர்! எண்ணற்ற தலைமுறைகளாக அப்பள்ளத்தாக்கிலே வாழ்ந்த குந்துங்கரா ஜனங்களின் மொழியிலிருந்து அப்பெயர் எடுக்கப்படவில்லை. ஆள வந்தவர்கள் மண்ணுக்கும் மரத்துக்கும் தங்கள் பெயரையே சூட்டும் வழக்கம் நமக்குப் புதியதன்று.

பெயர் போனால் போகட்டும், நிலமாவது நின்றதா? அதுவுமில்லை. ஆற்றங்கரை வண்டல் பயிருக்கு உகந்ததாகையால், குடியேறியவர்கள் முதலில் வெட்டி வீழ்த்தியது அங்கிருந்த மரங்களையே. எஞ்சியவற்றிற் பலவற்றை அணை விழுங்கியது. ஸிட்னிக்குக் குடிநீர் வழங்க 1948-இல் தொடங்கி 1960-இல் முடிக்கப்பெற்ற வாரகாம்பா அணை, 142 மீட்டர் உயரம் எழும்பிப் பரகொராங் பள்ளத்தாக்கை ஏரியாக்கிவிட்டது. மரங்களோடு வயல்களும் வீடுகளும், குந்துங்கரா மக்களின் புராதன ஸ்தலங்களும் நீரில் மூழ்கின. இன்று அம்மரத்தின் பெரிய தோப்பு கெடும்பா பள்ளத்தாக்கில் உள்ளது. அங்கே ஏறத்தாழ 6500 மரங்கள். நெபியன் கரையில் பெண்ட்ஸ் பேஸின் என்னுமிடத்தில் சுமார் 300. மற்றவை வயலோரங்களில் ஒன்றும் இரண்டுமாக நிற்பவை.

ஒற்றை மரத்தால் ஓர் இனம் நிலைக்குமா? தனித்து நிற்கும் மரம் தன் மகரந்தத்தையே தான் ஏற்கும். அல்லது வேற்றின யூகலிப்டஸுடன் கலக்கும். அதன் விதையில் பிறப்பவை நலிந்தோ கலப்பினமாகவோ வளரும். மேலும், விதை முளைக்க வெள்ளம் கொணர்ந்து பரப்பும் புதுவண்டல் வேண்டும். அணை வெள்ளத்தை அடக்கிவிட்டது. கரையிலோ அந்நியக் களைகள் அடர்ந்து முளைகளை நெருக்குகின்றன. தாய் நின்றும் பிள்ளை இல்லை என்பதே பல இடங்களில் அதன் நிலைமை.

இதே மரம் அந்நிய நாடுகளில் எப்படி வாழ்கிறது என்று கேட்டால் நேயர்கள் திகைப்பார்கள். உறைபனியைத் தாங்கி விரைவாக வளர்வதால், பிரேஸிலின் தென்பகுதியிலும் உருகுவேயிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் ராஜ்யங்களிலும் இதைத் தோட்டமாகப் பயிரிடுகிறார்கள். 'அங்கே செழிக்கும்போது இங்கே அழிந்தால் என்ன நஷ்டம்?' என்று சிலர் வினவலாம். காகிதத்துக்கும் விறகுக்குமாகப் பொறுக்கி எடுத்த விதைகளை வரிசையாய் நட்டு, குறித்த காலத்தில் வெட்டுவது வாழ்வாகாது. ஆறும் வண்டலும் பறவையும் வண்டும் சேர்ந்து ஆக்கிய வாழ்வு வேறு; கூலிக்குக் கடல் கடந்த வாழ்வு வேறு. இப்பேதத்தை, தேயிலைத் தோட்டங்களுக்குத் தன் மக்களை அனுப்பிய தமிழ்நாட்டுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

2016-இல் நியூ சவுத் வேல்ஸ் சர்க்கார் அணைச் சுவரை மேலும் 14 மீட்டராவது உயர்த்தத் திட்டமிட்டனர். கீழ்ப்புறத்தில் ஆற்றோரம் வாழும் மக்களை வெள்ளத்தினின்று காப்பதே அதன் நோக்கமென்றனர். அம்மக்களின் ஆபத்து மெய்யானது. 2021-லும் 2022-லும் வந்த வெள்ளங்களே அதற்குச் சாட்சி. ஆனால் சுவருக்குப் பின்னே நாட்கணக்கில் தேங்கும் நீர் கெடும்பா தோப்பையும் எட்டும். வந்து வடியும் வெள்ளம் இம்மரத்துக்குத் தாய். வடியாது தேங்கும் நீரோ எமன். தாவர சாஸ்திரிகள் எச்சரித்தனர். முன்னோரின் ஸ்தலங்கள் மறுமுறையும் மூழ்குமென்று குந்துங்கரா பெரியோர்கள் ஆக்ஷேபித்தனர். 2023-இல் பதவியேற்ற புதிய சர்க்கார் அத்திட்டத்தைக் கைவிட்டனர்.

இது நல்ல முடிவே. ஆனால் இதோடு கடமை தீர்ந்துவிடவில்லை. வெள்ளம் வருமெனத் தெரிந்த நிலத்தில் மேலும் மேலும் வீடு கட்ட அனுமதித்துவிட்டு, பின்னர் மனிதனா மரமா என்று கேட்பது நியாயமாகுமா? வீடுகளை மேட்டில் அமைப்பதும், கரைகளிற் களையெடுத்து நாற்று நடுவதும், எஞ்சிய தோப்புகளைப் பேணுவதும் ஒருங்கே செய்யத்தக்கவை.

நம் நீலமலையில் அந்நிய மரம் வந்து புல்வெளியை இழந்தோம். அவர்கள் நீலமலையில் சொந்த மரமே இடமிழந்தது. மண்ணுக்கு உரியது எதுவென்று கேளாமல், உடனே கிடைக்கும் லாபம் எதுவென்று மட்டும் கேட்டதே இரண்டு நஷ்டங்களுக்கும் மூலம். சுதேசம் என்பது மனிதர் மட்டும் சேர்ந்ததன்று. அதன் ஆறும் மரமும் புல்லும் அதில் அடக்கம். இதை நாம் அவர்களுக்குச் சொல்வதற்கு முன், நமக்கே சொல்லிக்கொள்வோமாக.