ஓடு பதிக்குமுன் சுவரைப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன், உறுதிப்பூசுதல் வழங்க ஆயர் அவர்கள் எங்கள் பங்கிற்கு வரவிருந்தார்கள். அதற்குள் பங்கு இல்லத்தின் குளியலறைக்கு ஓடு பதித்துவிட வேண்டுமென்று எனக்கு ஆசை. பழைய பூச்சைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசி மூன்று நாளே ஆகியிருந்தது. "சாமி, சுவர் இன்னும் பச்சையாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார் கொத்தனார். நான் கேட்கவில்லை. அடுத்த கோடையில், ஒரு நள்ளிரவில், மேல்வரிசை ஓடுகள் நான்கு பெருஞ்சத்தத்துடன் விழுந்து நொறுங்கின. பூசைக்கு உதவும் சிறுவர்கள் காலையில் கைகால் கழுவும் இடம் அது. உடைந்த ஓட்டின் விளிம்பு கத்திக்கு ஒப்பானது.

விழுந்த துண்டுகளைப் புரட்டிப் பார்த்தோம். சிமெண்டுக் குழைவு ஓட்டை இறுகப் பற்றியிருந்தது, சுவரைப் பற்றவேயில்லை. வீடு மந்திரிக்க நாள் குறித்துவிட்டுக் கொத்தனாரை விரட்டும் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சிமெண்டுப் பூச்சு காய்வதால் இறுகுவதில்லை. நீரோடு கலந்து நிகழும் வேதியியல் மாற்றத்தால் இறுகுகிறது. எனவே குறைந்தது 7 நாள்கள், நம் வெயிலுக்கு 10 நாள்கள், சுவரை ஈரம் உலராமல் காக்க வேண்டும். அதன்பின் காய விடவேண்டும். காயும்போது பூச்சு சற்றே சுருங்கும், ஓடு சுருங்காது. இரண்டிற்கும் நடுவிலுள்ள பிடிப்பு அந்த இழுவையில் அறுந்துபோகும். பூசிய நாளிலிருந்து 28 நாள்கள் பொறுப்பது நலம். மழைக்காலமானால் இன்னும் சில நாள்கள் கூடும்.

அடுத்தது சொரசொரப்பு. பூச்சின்மேல் சிமெண்டுப் பால் தடவி மழமழவென்று தேய்த்து முடிப்பது கொத்தனார்களுக்குக் கைவந்த பழக்கம். வண்ணம் அடிக்கும் சுவருக்கு அது அழகு. ஓட்டுக்கோ அதுவே பகை. எங்கள் சுவரும் அப்படித்தான் இருந்தது. ஆகவே முன்கூட்டியே சொல்லி, பூச்சு ஈரமாக இருக்கையிலேயே கரண்டி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடச் செய்யுங்கள். வழவழப்பாக முடிந்துவிட்டதா? உளிகொண்டு நெருக்கமாகப் பொளிவதைத் தவிர வழியில்லை.

குழாய்களைப் பூச்சுக்கு முன்பே நீர் நிரப்பி, அழுத்தம் கொடுத்துச் சோதித்துவிட வேண்டும். குழாய் புதைத்த காடிகளின்மேல் கோழிவலை வைத்துப் பூசினால் வெடிப்பு குறையும். சுவர் காய்ந்தபின் சுத்தியலின் மரப்பிடியால் எங்கும் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை கேட்குமிடத்தை வெட்டியெடுத்து மறுபடி பூசுங்கள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துப் பள்ளங்களையும் அப்போதே நிரப்பிவிட வேண்டும். ஓட்டுக்கடியில் கலவையை அப்பிச் சரிசெய்வது தவறு.

இக்காலத்தில் அறைகளுக்குப் பூசும் ஜிப்சத்தைக் குளியலறைக்கும் பூசிவிடுகிறார்கள். வேண்டாம். நனைந்தால் அது இளகும். ஈரத்தில் சிமெண்டோடு சேர்ந்து உப்பும் படிகங்களை உண்டாக்கி ஓட்டையே தள்ளிவிடும்.

தண்ணீர் தெறிக்கும் சுவரிலும், சுவரும் தரையும் கூடும் மூலைகளிலும் நீர்க்காப்புப் பூச்சை இருமுறை தடவுங்கள். முதற்பூச்சு காய்ந்தபின்பே இரண்டாவது.

பழைய மண் ஓடுகளைத் தொட்டியில் ஊறவைத்துச் சிமெண்டுக் குழைவில் பதிப்பார்கள். இன்றைய விட்ரிஃபைடு ஓடு அரை விழுக்காடு நீரைக்கூட உறிஞ்சாது. வெறுஞ்சிமெண்டு அதைச் சரிவரப் பற்றாது. அதற்கென்று விற்கும் பசைக்கலவையே தேவை. அதில் பதிக்கும் ஓட்டை ஊறவைக்கவும் கூடாது. பதிக்குமுன் சுவரின் தூசியைத் துடைத்துவிடுங்கள். எளிய வேலை என்பதாலேயே இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் குளியலறையை மறுபடி பூசியபோது நாள் குறித்தவர் கொத்தனார்தான். நான்கு வாரம் நான் கிணற்றடியில் குளித்தேன்.