கணிப்பொறி மொழியில் திருத்தம் கேட்கலாமா?

காலத்திற்கேற்ப மொழி மாறும் என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். கணிப்பொறிக்குக் கட்டளையிடும் மொழிகளும் அப்படித்தான் மாறுகின்றன. அவற்றின் விதிகளை மாற்றுவது யார்? அம்மொழியைப் பயன்படுத்தும் நாமும் திருத்தம் கேட்க வழியுண்டா?

ரெட்டியார்பாளையத்தில் நம் பள்ளிக் கணிப்பொறியில் செவ்வகத்தின் பரப்பைக் காணப் பைத்தான் மொழியில் இப்படி எழுதலாம்:

நீளம் = 12
அகலம் = 5
பரப்பு = நீளம் * அகலம்

கணிப்பொறி மறுப்பின்றி 60 என்று கணக்கிடும். 2008 டிசம்பரில் பைத்தானின் மூன்றாம் பதிப்பு வரும் வரை இது நடவாத காரியம். பெயர்களை ஆங்கில எழுத்திலேயே வைக்க வேண்டும் என்பது அதுவரை இருந்த விதி.

அவ்விதியைத் திருத்தும்படி 2007 மே மாதத்தில் மார்ட்டின் ஃபான் லோவிஸ் என்ற ஜெர்மானியர் ஒரு முன்மொழிவு எழுதினார். அதன் எண் 3131. ஆங்கிலம் நன்கு அறியாதவர்களும் நிரல் எழுதுகிறார்கள், தாய்மொழியில் பெயர் வைத்தால் அவர்களுக்குத் தெளிவாக விளங்கும் என்பதே அவர் காட்டிய காரணம். "ஒரு நாட்டார் எழுதியதைப் பிற நாட்டார் எப்படிப் படிப்பது?" என்று எதிர்ப்பு எழுந்தது. பைத்தானை உருவாக்கிய குய்டோ வான் ராசம் முன்மொழிவை ஏற்றார். ஆயினும், மொழியோடு சேர்ந்து வரும் பொது நிரல்களில் ஆங்கில எழுத்தே வழங்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்தது.

இதில் தமிழுக்கு ஒரு நுட்பம் உண்டு. 'நீளம்' என்பதை நாம் மூன்றெழுத்தாக எண்ணுகிறோம். கணிப்பொறியோ ந, ஈகாரக் குறி, ள, ம, புள்ளி என ஐந்தாக எண்ணுகிறது. எழுத்துகளை மட்டும் அனுமதித்துக் குறிகளை விலக்கியிருந்தால் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் தடைபட்டிருக்கும். பெயரின் தொடக்கத்தில் குறி வரலாகாது, இடையிலும் ஈற்றிலும் வரலாம் என்று விதி அமைந்ததால் நம் மொழி தப்பியது.

இன்று திருத்தம் கேட்பதற்குரிய படிகள் இவை:

1. யோசனையை முதலில் பிறரிடம் சொல்லி விவாதிக்க வேண்டும்.

2. பைத்தானை வளர்க்கும் மையக் குழுவில் இல்லாதவர், அக்குழுவினர் ஒருவரைத் துணையாகப் பெற வேண்டும்.

3. இப்போதுள்ள குறை என்ன, திருத்தத்தால் யாருக்குப் பயன், பழைய நிரல்கள் பழுதாகுமா, எதிர்ப்புகளுக்கு விடை என்ன என்று விளக்கமாக எழுத வேண்டும்.

4. ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழு முடிவு சொல்லும். 2018-இல் வான் ராசம் தம் தீர்ப்புரிமையை விட்டு விலகியபின் 2019 முதல் இம்முறை நடக்கிறது.

மறுக்கப்பட்ட முன்மொழிவுகளையும் அவர்கள் எறிந்துவிடுவதில்லை. மறுத்த காரணத்தோடு பாதுகாத்து வைக்கிறார்கள். பின்னர் வருவோர் அவற்றைப் படித்துத் தெளியலாம்.

பெயர்கள் தமிழில் அமைந்தாலும் 'இஃப்', 'ஃபார்' முதலிய கட்டளைச் சொற்கள் இன்றும் ஆங்கிலமே. அவையும் தமிழில் வேண்டும் என்று விரும்பிய முத்து அண்ணாமலை, 'எழில்' என்ற புதிய மொழியையே படைத்தார். இருப்பதைத் திருத்துவது ஒரு வழி, புதியதைப் படைப்பது மற்றொரு வழி.

தோழியரே, நிரல் எழுதும்போது ஒரு விதி நமக்கு இடையூறாகத் தோன்றினால் முணுமுணுத்துவிட்டுப் போகாமல், குறை இன்னது, காரணம் இன்னது, தீர்வு இன்னது என்று ஒரு தாளில் எழுதிப் பழகுவோம். எண் 3131-உம் அப்படி எழுதப்பட்ட ஒன்றுதானே!