கணினியில் தமிழ் வழுக்களும் அவற்றைக் களையும் நெறியும்

வழு என்பது தமிழ் இலக்கணத்தார் தொன்றுதொட்டு வழங்கிவரும் சொல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் சொல் தன் நெறியிற் பிறழுமாயின் அதனை வழு என்றனர். பிறழாது நிற்பதனை வழாநிலை என்றனர். இன்று கணினித் துறையாரும், செய்நிரல் ஒன்று தன் கருத்துக்கு மாறாக நடப்பதை வழு என்றே குறிக்கின்றனர். பெயர் பொருத்தமானதே. சொல்வழுவைத் திருத்த விழையும் மாணவன் அது எவ்விடத்தது என்று முதலிற் காண்பது போல, நிரல்வழுவைத் திருத்துவோனும் அதன் இடத்தையே முதலிற் காணவேண்டும். இடம் அறியாது கைவைப்பவன் ஒன்றைத் திருத்தி மூன்றைக் கெடுப்பான்.

தமிழாசிரியன் ஒருவன் கணினியைப் பற்றி எழுத முற்பட்டமை சிலர்க்கு வியப்பாகலாம். காரணம் இதுவே. யூபிலியை முன்னிட்டுப் பழைய மாணவர் பெயரேடு ஒன்றைத் தொகுக்கும் பணி எம்மிற் சிலரிடம் ஒப்புவிக்கப்பட்டது. கல்லூரி அலுவலகத்து மேசைக் கணினியில் இயங்கத்தக்க செய்நிரல் ஒன்றை எம் பழைய மாணவர் ஒருவர் அன்போடு ஆக்கித் தந்தார். ஆங்கிலப் பெயர்களை இட்டுப் பார்த்தபோது யாதொரு குறையும் தோன்றவில்லை. தமிழ்ப் பெயர்களை இட்டபோதோ, சில பெயர்கள் வினாக்குறிகளாயின. சில வால் இழந்தன. சில தேடியும் அகப்படவில்லை. வரிசையும் நாம் கற்ற நெடுங்கணக்கு வரிசையாக இல்லை. அவற்றைக் களையும் பொருட்டு அவரும் யானும் பல மாலைகள் ஒருங்கிருந்தோம். அவருக்கு நிரல் தெரியும். எனக்கு எழுத்திலக்கணம் தெரியும். இரண்டும் தேவைப்பட்டன. அப்போது கற்றவற்றை, நிரலாக்கம் பயிலும் நம் மாணவர்க்குப் பயன்படுமெனக் கருதி இங்குத் தருகின்றேன்.

பெயர்தானே, ஓரெழுத்துப் பிழைத்தால் என்ன என்று மலையகத்தார் கேட்கமாட்டார். தோட்டத்தில் ஒரு நாள் உழைப்பையே 'பேர்' என்று எண்ணினோம். கொழுந்தின் நிறை குறைந்தால் அது 'அரைப்பேர்' ஆயிற்று. செக்ரோலிற் பெயர் விழுந்தாலன்றிக் கூலியில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்த காலந்தொட்டு, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை வழங்கும் வரை, தாம் யார் என்பதைத் தாள்களால் நிறுவ வேண்டியவராய் நம்மவர் நின்றனர். ஒரு தாளில் ஒருவிதமாகவும் மறு தாளில் வேறுவிதமாகவும் எழுதப்பட்ட பெயர் எத்தனை குடும்பங்களை அலைக்கழித்தது என்பதை நம் பெரியோர் அறிவர். அன்று எழுதுவினைஞரின் பேனா செய்த பிழையை இன்று கணினி செய்யுமாயின், அதனையும் சிறிது என்று விடல் ஆகாது.

நிற்க. இவ்வழுக்கள் எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள உண்மை ஒன்றே. கணினி எழுத்தை வடிவமாக வைத்திருப்பதில்லை, எண்ணாக வைத்திருக்கின்றது. அவ்வெண்ணுக்குரிய வடிவைத் திரையில் வரைவது எழுத்துரு. எண் வேறு, வடிவு வேறு. நாம் காண்பது வடிவு. வழு இருப்பது பெரும்பாலும் எண்ணில்.

இலங்கையிற் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துருவை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்கள் போர்த்தப்பட்டன. 'அம்மா' என்று திரையிற் காண்பது, கணினியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. பாமினி இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், காமன் கூத்தில் வேடங் கலைந்தபின் ஆள் வெளிப்படுவது போல, அவ்வாங்கிலக் குறிகள் வெளிப்படும். இதனை ஆக்கியோரைக் குறைகூறுவதற்கில்லை. 1998 இல் வெளிவந்த விசுவல் பேசிக் 6 போன்ற கருவிகளின் படிவங்கள் ஒருங்குறித் தமிழை ஏற்கவில்லை. ஆதலால் இத்தகைய போர்வையே அன்று கைகொடுத்தது.

ஒருங்குறியில் நிலைமை வேறு. 1991 இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2944 முதல் 3071 வரையுள்ள எண்கள் தமிழுக்கே உரியன. ககரத்தின் எண் 2965. புள்ளியின் எண் 3021. எந்த எழுத்துருவை மாற்றினும் இவ்வெண்கள் மாறா. இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் தமிழுக்கான 1326 ஆம் இலக்கக் கட்டளையை 2008 இல் வெளியிட்டது. எனவே புதிதாக ஆக்கும் எச்செய்நிரலும் ஒருங்குறியிலேயே அமைதல் வேண்டும்.

இனி, வழுக்களை ஒவ்வொன்றாகக் காண்போம். முதலாவது, எழுத்து எழுத்தாகத் தோன்றாமை. இதன் நோய்க்குறிகள் மூன்று. அவற்றைப் பிரித்தறிதல் மிக இன்றியமையாதது.

எழுத்து நின்ற இடத்தில் வெறுங்கட்டங்கள் தோன்றின், எண் நலமே உள்ளது. வரைவதற்குரிய எழுத்துருதான் இல்லை. தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவினாற் போதும்.

தலையிற் சாய்கோடு ஏறிய சிறிய 'ஏ' எழுத்தும் வட்டத்துள் அடைபட்ட 'ஆர்' குறியும் மீண்டும் மீண்டும் தோன்றின், எழுதியது ஒரு முறை, படித்தது வேறு முறை என்பது பொருள். யுடிஎப் 8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக எழுதப்படும். அம்மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகச் செய்நிரல் படித்தமையால் வந்த கோலம் இது. இங்கும் எண்கள் அழியவில்லை. அக்கோப்பைச் சேமியாது மூடி, யுடிஎப் 8 என்று குறித்து மீளத் திறந்தால் தமிழ் திரும்பிவரும்.

வரிசையாக வினாக்குறிகள் தோன்றின், அதுவே அஞ்சத்தக்கது. தமிழை ஏற்காத பழைய குறிமுறையில் எழுத முயன்ற கணினி, இடங்காணாது ஒவ்வொரு குறிக்கும் ஒரு வினாக்குறியை வைத்துவிட்டது. விண்டோசில் தமிழுக்கென ஒற்றைப்பைட்டுக் குறிப்பக்கம் கிடையாது. அந்த வினாக்குறிகளோடு கோப்பைச் சேமித்தால் மூலம் மீளாது. எம் பெயரேட்டிற் சில ஆண்டுகளுக்குரிய பெயர்கள் இவ்வாறே போயின. சேர்விடாப்பின் பழுப்பேறிய தாள்களைப் புரட்டி, அவற்றை ஒவ்வொன்றாக மீள எழுத நேர்ந்தது. கையெழுத்து இடாப்பு இல்லாதிருந்தால் அப்பெயர்கள் எம்மளவில் அழிந்தேயிருக்கும். எஸ்கியூஎல் சேர்வர் போன்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர், பெயருக்குரிய நிரலை வார்ச்சார் வகையாக வையாது என்வார்ச்சார் வகையாக வைக்க. கட்டளைக்குள் நேராக எழுதும் தமிழ்ச் சொல்லின் மேற்கோட் குறிக்கு முன் 'என்' எழுத்தை இட மறவற்க.

இரண்டாவது, எழுத்தெண்ணும் வழு. இலக்கணம் மெய்யோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கும் என்னும். ஒருங்குறியோ அகரமேறிய ககரத்தை முதலாக வைத்து, அதன்மேற் புள்ளியையோ உயிர்க்குறியையோ தனி எண்ணாகச் சேர்க்கின்றது. ஆகவே நாம் நான்கெழுத்தாக எண்ணும் 'பாடசாலை', கணினிக்கு ஏழு குறி. யுடிஎப் 8 இல் இருபத்தொரு பைட்டு. எம் செய்நிரலிற் பெயருக்குப் பதினைந்து இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 'சிவசுப்பிரமணியம்' பத்தெழுத்துத்தானே என்று நினைத்தோம். குறிகளோ பதினாறு. பதினாறாவதாகிய ஈற்றுப்புள்ளி வெட்டுண்டு, 'சிவசுப்பிரமணியம' என்று அச்சாயிற்று. அப்பெயருடைய முதியவர் ஒருவர் மாதிரித்தாளைக் கண்டு, "மாஸ்டர், இத்தனை வயதில் என் புள்ளியை யார் எடுத்தது?" என்று சிரித்தபடி கேட்டார். எமக்கு நாணமாயிற்று. இடத்தை எழுத்தால் அன்றிக் குறியால், சில தரவுத்தளங்களிற் பைட்டால், கணக்கிட்டுத் தாராளமாக ஒதுக்குக. பெயரை வெட்ட நேரின் எழுத்தெல்லையில் வெட்டுக.

இதற்கு ஓர் எளிய உரைகல் உண்டு. 'விகடகவி' என்னும் சொல்லைத் திருப்பி எழுதுமாறு செய்நிரலுக்குப் பணியுங்கள். இருவழியும் ஒன்றாய் வரும் சொல் அது என்பதைச் சிறுவரும் அறிவர். குறிகளை மட்டும் திருப்பும் நிரல், உடலின்றி அலையும் இகரக் குறியொன்றை முதலில் வைத்து, அதன்பின் 'வகடகிவ' என்று தரும். எழுத்தை எழுத்தாகப் பிரிக்கும் வசதி டொட் நெட்டிலும் உண்டு. பைத்தன் பயில்வோர்க்கு ஓப்பன் தமிழ் என்னும் நூலகம் உண்டு.

மூன்றாவது, தேடியும் அகப்படாமை. 'கொட்டகலை' என்று தேடினோம். அவ்வூரார் பலரிருந்தும் சிலரே வந்தனர். திரையில் இரு 'கொட்டகலை'யும் ஒன்றாகவே தோன்றின. எண்களைப் பார்த்தபோதுதான் மறை வெளிப்பட்டது. ஒன்றிற் ககரத்தின் பின் ஒகரக் குறி 3018 என்னும் ஒரே எண்ணாக நின்றது; மற்றதில் ஒற்றைக்கொம்பு 3014 ஆகவும் கால் 3006 ஆகவும் பிரிந்து நின்றன. பாமினியில் கொம்பு முன்னும் கால் பின்னும் தட்டப்படும். அதனை ஒருங்குறிக்கு மாற்றிய கருவி, கொம்பை எழுத்தின் பின்னுக்குத் தள்ளியதன்றிக் காலோடு இணைக்கவில்லை. இவ்விரு முறையும் நிகரானவை என்றே ஒருங்குறி விதிக்கின்றது. ஆயினும் எண்ணோடு எண்ணை ஒப்பிடும் நிரல் அதனை அறியாது. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் சொல்லை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்தைச் செய்க. பாமினிக் கோப்பை மாற்றும்போது, அதனிடையே உண்மையாகவே ஆங்கிலத்தில் உள்ள முதலெழுத்துகளையும் முகவரிகளையும் தனியே பிரித்துவைத்த பின்னரே மாற்றுக. இன்றேல் அவையும் பொருளற்ற தமிழாகிவிடும்.

நான்காவது, வரிசை வழு. எண்வரிசையில் அடுக்கினால் ராகலை, றம்பொடை, லிந்துலை, வட்டவளை என வரும். நெடுங்கணக்கின்படி றகரம் வகரத்துக்கும் பிந்தியது. ஆதலால் றம்பொடை ஈற்றில் நிற்றல் வேண்டும். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக அமைந்த அட்டவணையைப் பின்பற்றியமையால், ஒருங்குறியில் றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டன. மேலும் அகராதி மரபில் மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வரும். 'பக்தவத்சலம்' முந்தி, 'பகவதி' பிந்தி. புள்ளியின் எண் பெரிதாகையால் எண்வரிசை இதனையும் தலைகீழாக்கும். எண்ணை ஒப்பிடாது, இயக்குதளமும் நிரல்மொழியும் தரும் தமிழுக்குரிய அடுக்குநெறியைக் குறித்துப் பயன்படுத்துக. அதனையும் சோதித்தே நம்புக.

இவற்றால் விளங்கும் பொது நெறியை மாணவர் மனங்கொள்வாராக. வழு தோன்றியதும் முதலிற் செய்யத்தக்கது திருத்தமன்று, பிரதி எடுத்தல். இரண்டாவது, எவ்வெழுத்தில், எச்செயலின் பின் வழு தோன்றுகின்றது என்று குறித்தல். மூன்றாவது, வழுவைக் காட்டும் மிகச் சிறிய சொல்லைக் கண்டுபிடித்தல். ஆயிரம் பெயரிற் காணாத காரணம் ஒரு பெயரிற் புலப்படும். நான்காவது, வடிவைப் பாராது எண்ணைப் பார்த்தல். ஐந்தாவது, ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றிச் சோதித்தல். இரண்டை ஒருங்கே மாற்றியவன், எது குணப்படுத்தியது என்று அறியான்.

புதிய செய்நிரல் ஒன்றை ஆக்குவோர், 'பாடசாலை' என்று எழுதிச் சேமித்து மீளத் திறந்து பார்க்க, 'சிவசுப்பிரமணியம்' புள்ளியோடு அச்சாகின்றதா என நோக்குக, 'கொட்டகலை'யை இரு முறையாலும் எழுதித் தேடுக, 'றம்பொடை' எவ்விடத்து நிற்கின்றது எனக் காண்க, 'விகடகவி'யைத் திருப்புக. இவ்வைந்திலும் தேறிய நிரலிடம் பெயரேட்டை நம்பிக் கொடுக்கலாம்.

எம் பெயரேடு இப்போது நெடுங்கணக்கு வரிசையில் நிற்கின்றது. பழைய மாணவர்கள் தத்தம் பெயரைப் பார்த்து, புள்ளி ஒன்று குறையினும் அலுவலகத்துக்கு அறிவிப்பாராக. சேர்விடாப்பின் பழைய தாள்களையும் பேணிக் காப்போமாக. கணினி பெயரை மறந்த அன்று, அதனை நினைவிற் கொண்டிருந்தவை அத்தாள்களே.